காய்ச்சலும் பாய்ச்சலும்: அப்பா பிடுங்கிப் போட்ட குழாய்

#1 வெட்டாற்றங்கரை
6 ஜூலை 2025, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கம், வெட்டாறு கடலில் கலக்கிற இடத்துக்கு ஏழெட்டு கிலோமீட்டர் மேற்கே எங்களுக்கு மூன்றரை ஏக்கர். சுத்தமான கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலை நனைக்கும்போது ஜூலை பிறந்துவிட்டது. வழக்கமாக நாங்கள் குறுவை போடுவதில்லை, சம்பா நேரடி விதைப்போடு சரி. இந்த வருஷம் தேதி தவறாமல் திறந்தார்களே என்று ஒன்றரை ஏக்கரில் கோ 51 ரக நெல் நட்டோம். நாற்று மச்சான் ஊரிலிருந்து டிராக்டரில் வந்தது.

நட்ட மறுநாள் செயல்விளக்கம் என்று மூன்று பேர் வந்தார்கள். ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாய், ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் ஓட்டை. அதை வயலில் ஒரு சாண் ஆழம் இறக்கி, உள்ளே இருந்த சேற்றை அள்ளி வெளியே போட்டார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம், இறங்கியதும் இரண்டு அங்குலம் கட்டினால் போதும், மறுபடி காய விடுங்கள், இதற்குப் பேர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றார்கள். தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறையும், உலகம் சூடாவது குறையும், நாளைக்கு எல்லோருக்கும் சோறு கிடைக்கும் என்று பெரிய படம் போட்டுக் காட்டினார்கள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ரோட்டில் ஏறியதும் வயலில் இறங்கி குழாயைப் பிடுங்கினார். இப்போது அது மாட்டுக் கொட்டகை ஓரத்தில் கிடக்கிறது, கோழி அதற்குள் தலையை விட்டுப் பார்க்கிறது.

யாராவது இதைச் செய்து பார்த்தீர்களா? மகசூல் விழுமா?

---

#2 சோத்துக்கட்சி
6 ஜூலை, இரவு 10.05

உலகத்துக்குச் சோறு போடுகிற பொறுப்பு உங்கள் ஒன்றரை ஏக்கர் தலையில் வந்து விழுந்துவிட்டதா! குழாயை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, எலிப்பொறிக்கு ஆகும்.

---

#3 மண்புழு
6 ஜூலை, இரவு 11.20

வேளாண்மை படித்தவள், பத்து வருஷமாக வயல்வெளி வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்குகிற தாள், வேர், தொழுவுரத்தைத் தின்று மீத்தேனை விடும். அது நெல் தண்டுக்குள் இருக்கிற காற்றுக்குழாய் வழியாகவே மேலே வந்துவிடும், பயிர்தான் அதற்குப் புகைபோக்கி. மனிதர்களின் வேலைகளால் வெளியேறும் மீத்தேனில் எட்டிலிருந்து பத்து சதம் நெல் வயலிலிருந்து வருகிறது. இடையில் இரண்டு மூன்று முறை காய விட்டால் மண் மூச்சு விடும், அந்த நுண்ணுயிர்கள் அடங்கும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகவும் தண்ணீர் 30 சதம் வரை மிச்சமானதாகவும் பிலிப்பைன்ஸிலிருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது.

மகசூல்: அரை அடிக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொண்டால் விழாது. பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக் கூடாது, கதிர் வெளியே வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தண்ணீர் நிற்க வேண்டும். இன்னொன்று, யூரியா போட்ட கையோடு காய விட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் வீரியம். அதனால் உரம் போட்டதும் தண்ணீர் கட்டிவிட வேண்டும். இதைக் குழாய் வைக்கிறவர்கள் பல நேரம் சொல்வதில்லை.

---

#4 பழைய_வாத்தியார்
7 ஜூலை, காலை 6.15

இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 38 மில்லியன் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் கணக்கு ஒன்று உலவியது. எங்கேயோ சில வயல்களில் அளந்ததை நம் நாட்டுப் பரப்பால் பெருக்கிய கணக்கு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ. பி. மித்ரா என்ற விஞ்ஞானி, 1991இல் நாடு முழுக்க வயல்களில் பெட்டி கவிழ்த்து அளக்க ஏற்பாடு செய்தார். வந்த விடை சுமார் 4 மில்லியன் டன். பத்தில் ஒன்று!

மீத்தேன் பொய் என்று சொல்ல வரவில்லை. நம் வயலைப் பற்றி யாராவது எண் சொன்னால், அளந்த எண்ணா பெருக்கிய எண்ணா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான். அப்புறம், வயிற்றுக்காக வருகிற புகையும் வசதிக்காக வருகிற புகையும் ஒன்றில்லை என்ற வழக்கையும் அதே வருஷம்தான் டெல்லியிலிருந்து எழுப்பினார்கள். இன்னும் தீர்ப்பு வரவில்லை.

---

#5 ராகிக்களி
7 ஜூலை, காலை 8.30

பென்னாகரம் பக்கம். எனக்கு ஒரே கேள்வி. எதற்கு நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? ராகிக்கு இந்தக் குழாயும் வேண்டாம், மேட்டூரும் வேண்டாம். சோளம், கம்பு மாதிரி அதுவும் சூட்டைத் தாங்குகிற வகை, நெல் வாடுகிற வெயிலில் அது நிமிர்ந்து நிற்கும். 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டு என்றது. அந்த வருஷம் எங்கள் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி போட ஆரம்பித்தார்கள். டெல்டாக்காரர்கள் நாக்கை மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

---

#6 வெட்டாற்றங்கரை
7 ஜூலை, பகல் 1.10

அண்ணே, நாக்கை மாற்றலாம். நிலத்தை எப்படி மாற்றுவது? கார்த்திகையில் எங்கள் வயலுக்கு வந்து பாருங்கள். வரப்பு தெரியாது. பத்து நாள் முழங்கால் தண்ணீர் நிற்கும். வடிய வழி கிடையாது. வடிகால் முழுக்க வெங்காயத்தாமரை, அதற்குக் கீழே தூர். அதில் நெல்லைத் தவிர எது உயிரோடு இருக்கும்? எங்கள் ஊரில் நெல் விளைவதற்குக் காரணம் ஆசை இல்லை, தண்ணீர்.

---

#7 மண்புழு
7 ஜூலை, பகல் 2.00

தம்பி சொல்வது சரி. ராகி மேட்டு நிலத்துக்கு. ஆனால் ராகிக்களி அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஆழ்துளைக் கிணற்றில் ஆயிரம் அடியிலிருந்து உறிஞ்சி நெல் போடுகிற இடங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி அது.

அண்ணே, ஒன்று கேட்கிறேன், உங்கள் ஊரிலேயே ராகிப் பரப்பு ஏன் குறைந்தது?

---

#8 ராகிக்களி
7 ஜூலை, இரவு 8.45

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கதிர் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. இரண்டு மூன்று தடவை கையால் கொய்ய வேண்டும். நெல்லறுக்கிற இயந்திரம் அரை நாளில் முடிக்கிற வேலைக்கு ராகியில் பத்துப் பெண்கள் வேண்டும், வேலைக்கு ஆள் எல்லாம் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டது. இரவில் காட்டுப்பன்றி. போன வருஷம் கால் ஏக்கரை ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனது. ராகிக்காவது உமி நீக்குகிற வேலை கிடையாது, அப்படியே மாவாக்கலாம். சாமை, குதிரைவாலி என்றால் குத்திப் புடைக்க வேண்டும், அதற்குள் பாட்டிகளின் இடுப்பு ஒடிந்துவிடும்.

ஆனாலும் சொல்கிறேன், மழை பொய்த்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது ராகியால்தான்.

---

#9 டெக்சாஸ்_தோசை
8 ஜூலை, அதிகாலை 4.30

நான் விவசாயி இல்லை, சாப்பிடுகிறவள். "உலகம்" என்ற வார்த்தை வந்ததால் ஒரு காட்சி. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. மறுநாள் இங்கே இந்தியக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி ஒட்டினார்கள். ஒரு அம்மா குழந்தைகள் இருவரையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி மூன்று மூட்டை எடுத்துப் போனார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு தூக்கினேன். அப்புறம் ஒரு வருஷம் அந்த சோனா மசூரியில் வண்டு பிடிக்காமல் காப்பாற்றியது தனிக் கதை.

எங்களுக்கு அது வேடிக்கை. காசு கொஞ்சம் கூடப் போயிற்று, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் இந்திய அரிசியை நம்பிச் சமைக்கிற வீடுகளில் அந்த மாதம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

---

#10 ஆலைக்காரர்
8 ஜூலை, காலை 9.15

காங்கேயத்தில் அரிசி ஆலை. அம்மா சொன்னது உண்மை. உலகச் சந்தையில் கை மாறுகிற அரிசியில் நூற்றுக்கு நாற்பது நம் நாட்டு அரிசி. அந்த வருஷம் எல் நினோ வருகிறது, மழை குறையும் என்ற பயம், உள்ளூர் விலை வேறு ஏறிக்கொண்டிருந்தது, கதவைச் சாத்தினார்கள். ஆகஸ்டில் உலக விலை பதினைந்து வருஷத்தில் இல்லாத உயரம் போனது. தடையை எடுத்தது 2024 செப்டம்பரில்.

இதில் கவனிக்க வேண்டியது, அப்போது நம் கிடங்குகளில் அரிசி இல்லாமல் போகவில்லை. மழை வராதோ என்ற பயமே விலையை ஏற்றிவிட்டது.

---

#11 பூங்கார்
8 ஜூலை, இரவு 7.00

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். யூரியாவை விட்டுவிட்டு நம் விதைக்குத் திரும்பினால் போதும். காட்டுயானம் ஆள் உயரம் வளரும், வெள்ளம் வந்தாலும் தலை வெளியே நிற்கும், காய்ந்தாலும் தாங்கும். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார் எல்லாம் இதே காவிரியில் காலங்காலமாக விளைந்தவை. நெல் ஜெயராமன் 2018இல் போய்ச் சேரும்வரை ஊர் ஊராக அலைந்து 170க்கு மேல் ரகங்களை மீட்டுக் கொடுத்தார். ஆதிரெங்கத்து விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அது மட்டும்தான் வட்டி. அப்படி வந்த விதையில் இரண்டு ஏக்கர் போடுகிறேன். மருந்துக்கடை வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது.

---

#12 சோத்துக்கட்சி
8 ஜூலை, இரவு 7.20

ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஐயா?

---

#13 பூங்கார்
8 ஜூலை, இரவு 9.50

பதினைந்து, பதினாறு. பக்கத்து வயலில் முப்பத்திரண்டு. நான் கிலோ எண்பது ரூபாய்க்கு அரிசியாக்கி விற்கிறேன், அவர் அரசு கொள்முதலில் போடுகிறார். எனக்குச் செலவு குறைவு. கணக்கு சரியாகிவிடுகிறது.

---

#14 கிளிநொச்சிக்காரன்
9 ஜூலை, காலை 7.40

வணக்கம் உறவுகளே. பூங்கார் ஐயா தன்ரை விருப்பத்தில் செய்வது நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நாடு முழுவதையும் ஒரே இரவில் அப்படித் திருப்பினால் என்ன நடக்கும் என்று நாங்கள் பார்த்துவிட்டோம்.

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். சேதனப் பசளை, அதாவது இயற்கை உரம், தருவோம் என்றார்கள். அந்தளவு பசளை நாட்டில் எங்கே இருக்கிறது? சீனாவிலிருந்து வந்த கப்பலில் தீங்கான பற்றீரியா இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள், பிறகு அதற்கும் காசு கட்டினார்கள். மாரிகாலப் பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டு வரம்பில் நின்று பயிரைப் பார்ப்போம். கடும் பச்சையாக இருக்க வேண்டிய நேரத்தில் வயல் முழுக்க வெளிர் மஞ்சள். என் தகப்பனார் ஐம்பது வருடக் கமக்காரர், அந்த நிறத்தை நல்ல மழை வருடத்தில் கண்டதில்லை என்றார். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் எடுத்தவுடன் யூரியா வந்து குதிக்குமா? கறுப்புச் சந்தையில் ஒரு மூடை முப்பதாயிரம், நாற்பதாயிரம். அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. சோற்றுக்குத் தன்னிறைவு என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு இந்தியக் கடனில் அரிசி இறக்கியது.

அந்த வருடம் எங்கள் வீட்டில் விற்க நெல் இல்லை. சாப்பாட்டுக்கு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

---

#15 பூங்கார்
9 ஜூலை, பகல் 12.30

தம்பி, மனசு கனத்துப்போயிற்று. நான் என் மண்ணை வழிக்குக் கொண்டுவரவே நான்கு வருஷம் ஆனது. முதல் வருஷம் ஏக்கருக்கு எட்டு மூட்டை. மனைவியின் வளையலை வைத்துத்தான் சமாளித்தேன். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

---

#16 மண்புழு
9 ஜூலை, பகல் 3.15

பூங்கார் ஐயாவின் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. டெல்டாவில் இப்போது சம்பாவுக்குப் பரவலாகப் போடுகிற சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் எங்கிருந்து வந்தது? இரண்டு வாரம் முழுசாக மூழ்கிக் கிடந்தாலும் அழுகாமல் தழைக்கிற குணம் அதில் இருக்கிறது. அந்தக் குணம் ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்தது. சாதாரண நெல் மூழ்கினால் மூச்சுக்காக எம்பி எம்பி வளர்ந்து, இருப்புச் சக்கரையைத் தீர்த்துக்கொண்டு சாகும். இது அசையாமல் அடங்கிக் கிடக்கும், தண்ணீர் வடிந்தபின் எழும். நாட்டு விதையை யாரோ ஒருவர் அன்றைக்குத் தூக்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு நாகப்பட்டினத்தில் பாதிச் சம்பா கிடையாது.

நெல்லுக்கு இதைவிடப் பெரிய பயம் எனக்கு இரவுச் சூடு. நான் முன்னே சொன்ன சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் லாஸ் பானோஸ் பண்ணையில் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்து 2004இல் எழுதினார்கள்: இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் பத்து சதம் விழுந்திருக்கிறது. பகலில் பயிர் சேர்த்ததை இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது. இதற்குக் குழாயும் உதவாது, உரமும் உதவாது.

---

#17 வெட்டாற்றங்கரை
10 ஜூலை, இரவு 10.30

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கிளிநொச்சித் தம்பி எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் குழாய் விஷயம் பேசினார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"காய்ச்சலும் பாய்ச்சலும் புதுசாடா? எங்க அப்பா காலத்துப் பேச்சு அது. தலைமடைல சொல்லு, செய்வான். இன்னைக்கு காய விட்டா நாளைக்கு மடையைத் தொறப்பான். நமக்கு முறை பத்து நாளைக்கு ஒரு தடவை. அதுவும் மேல இருக்கிறவன் விட்டாத்தான். நான் இன்னைக்கு வயலைக் காய வச்சிட்டு நாளைக்கு யாருகிட்ட போய் நிக்கிறது? வயல்ல நிக்கிற தண்ணிதான் நம்ம கைல இருக்கிற காசு."

2023 ஞாபகமிருக்கிறதா? அதே ஜூன் 12இல்தான் திறந்தார்கள். கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை, கதிர் வருகிற நேரத்தில் வாய்க்கால் காய்ந்து, குறுவை கருகியது. 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் 2022இல் மே 24க்கே வந்துவிட்டது. இப்படித் தேதி குதிக்கிற ஊரில் இருக்கிற தண்ணீரை யார் வடிப்பார்கள்?

இன்னொன்று மண்புழு அக்காவும் சொல்லவில்லை, வந்தவர்களும் சொல்லவில்லை. எங்கள் நிலத்தடி நீர் உப்பு. மேலே நல்ல தண்ணீர் அழுத்திக்கொண்டு நின்றால் உப்பு அடியில் கிடக்கும். காய விட்டால் வெயில் இழுக்க இழுக்க உப்பு மேலே பூக்கும். வரப்போரம் வெள்ளையாகத் தெரியும், நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

---

#18 மண்புழு
10 ஜூலை, இரவு 11.45

அப்பாவுக்கு என் வணக்கம். உப்பை நான் மறந்தது தப்பு. கடலோரக் கடைமடையில் இந்தக் குழாயை வைத்தது அவசரம். நாங்கள் செயல்விளக்கத்துக்கு வயல் தேர்வு செய்கிறபோது ரோட்டோரமா, கார் போகுமா என்றுதான் முதலில் பார்ப்போம். இதை எழுதுவதற்குள் வெட்கமாக இருக்கிறது.

மோட்டார் வைத்திருக்கிற இடத்தில் இது நடக்கும். கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம்.

---

#19 ஆலைக்காரர்
11 ஜூலை, காலை 8.00

நடக்கும், ஆனால் அங்கே ஏன் செய்ய வேண்டும்? விவசாய மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டில் தூங்கலாம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் அவர் பையில் பத்துப் பைசா சேராது. களைதான் சேரும். நிற்கிற தண்ணீர்தானே பாதிக் களையை அமுக்குகிறது? காய விட்டால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் முளைக்கும், களையெடுக்க ஆளுக்கு நாளைக்கு என்ன கூலி என்று கேட்டுப் பாருங்கள்.

ஆக, காய விட வசதியுள்ளவருக்கு அவசியம் இல்லை, அவசியம் உள்ள தம்பிக்கு வசதி இல்லை. நல்ல கூத்து.

---

#20 சோத்துக்கட்சி
11 ஜூலை, காலை 8.40

கார்பன் காசு தருவார்களாமே? எங்கள் ஊரில் ஒரு ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஆதார் நகல் வேறு.

---

#21 பழைய_வாத்தியார்
11 ஜூலை, மாலை 5.30

கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லுங்கள். மீத்தேனைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டி அந்த அளவை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்பதுதான் அந்தக் காசு. 2024 ஆகஸ்டில் சீனாவில் இப்படிப்பட்ட 37 நெல் வயல் திட்டங்களை, சான்று கொடுக்கிற வெர்ரா நிறுவனமே தள்ளுபடி செய்தது. மறுபடியும் அதே கேள்விதான், அளந்தார்களா, பெருக்கினார்களா?

வியட்நாமில் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். மீகாங் டெல்டாவில் 2030க்குள் பத்து லட்சம் ஹெக்டேரில் குறைந்த புகை நெல் என்று அரசாங்கமே 2023இல் திட்டம் போட்டது. அங்கே பல இடங்களில் ஒரு தொகுப்பு வயலுக்கு ஒரே பம்ப், எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் ஏறும், ஒரே நாளில் இறங்கும். தனி ஆளாக ஒருவர் தன் வயலைக் காய வைத்துவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

---

#22 கிளிநொச்சிக்காரன்
12 ஜூலை, காலை 6.50

வியட்நாம் வரை போக வேண்டாம் ஐயா. எங்களுக்கு இரணைமடுக் குளம் இருக்கிறது. கோடைச் சிறுபோகம் தொடங்க முன்னர் கூட்டம் போடுவார்கள். நீர்ப்பாசன எந்திரி, கமக்காரர் அமைப்புகள், எல்லோரும் வர வேண்டும். குளத்தில் இத்தனை அடி நீர், இதற்கு இத்தனை ஏக்கர்தான் செய்யலாம் என்று தீர்மானம். நீர் குறைந்த வருடம் எல்லோருக்கும் முழுக்காணிக்கும் கிடையாது, பங்குதான். எந்த வாய்க்கால், எந்தத் திகதி கடைசித் தண்ணீர், எல்லாம் அன்றைக்கே எழுதிவிடுவார்கள். சண்டை வரும், கதிரை (நாற்காலி) பறக்கும், கள்ளமாக விதைக்கிற ஆக்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் அப்பா கேட்ட "யாரிடம் போய் நிற்பது" என்ற கேள்விக்கு எங்களிடம் ஒரு மண்டபமும் ஒரு நாளும் இருக்கிறது.

---

#23 வெட்டாற்றங்கரை
12 ஜூலை, இரவு 9.00

அப்பா சிரிக்கிறார். இங்கேயும் ஒரு காலத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, நீர்ப்பாய்ச்சி என்று ஒரு ஆளை வைத்து, அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்களாம். எங்கள் ஊரில் கடைசியாக இருந்தவரின் மகன் இப்போது திருப்பூரில் இருக்கிறார்.

சரி, ஒரு முடிவு. பாபநாசம் பக்கத்து மச்சானிடம் பேசினேன். மோட்டார் இருக்கிறது, நல்ல தண்ணீர், போன வாரம்தான் நட்டிருக்கிறார். கொட்டகையில் கிடக்கிற குழாயைக் கொண்டுபோய் அவர் வயலில் ஒரு ஏக்கரில் வைக்கிறேன், பக்கத்து ஏக்கர் வழக்கம்போல. அறுத்ததும் வந்து எழுதுகிறேன். அதுவரை நெறியாளர் இழையைப் பூட்டாமல் இருக்க வேண்டும்.

---

#24 நெறியாளர்
13 ஜூலை, காலை 10.00

பூட்டவில்லை. கார்பன் காசுக்கு ஆள் பிடிக்கிற இரண்டு பதிவுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

---

#25 டெக்சாஸ்_தோசை
2 அக்டோபர், காலை 5.10

குழாய் என்னாயிற்று?

---

#26 வெட்டாற்றங்கரை
24 அக்டோபர், இரவு 11.15

மன்னிக்கவும், பத்து நாளாக வீட்டிலேயே இல்லை. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

மச்சான் முதல் இரண்டு வாரம் என்னைத் திட்டினார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, வயலில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு, மனசு கேட்கவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன். ஒரு குச்சியில் கோடு போட்டுக் கொடுத்தேன், குச்சியை விட்டு அளக்க ஆரம்பித்த பிறகுதான் நிம்மதியானார். நட்டதிலிருந்து கதிர் வரும் வரை குழாய் வயலுக்குப் பதினொரு தடவை மோட்டார் போட்டார், பக்கத்து ஏக்கருக்குப் பத்தொன்பது. அவர் காலண்டரில் பென்சிலால் குறித்தது. களை கூட வந்தது, ஆலைக்காரர் ஐயா சொன்னபடி. ஒரு களையெடுப்புக் கூலி அதிகம். மகசூல் குழாய் ஏக்கரில் முப்பத்தொன்று, மற்றதில் முப்பத்திரண்டு. ஒரு மூட்டை வித்தியாசத்தை மச்சான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருக்குப் பிடித்தது வேறு, குழாய் ஏக்கர் பயிர் சாயவே இல்லை. வேர் ஆழமாக இறங்கியிருக்கிறது.

அடுத்த வருஷமும் வைப்பாரா என்றால், "பார்ப்போம்" என்கிறார். மின்சாரத்துக்குக் காசு கட்டுவதாக இருந்தால் கட்டாயம் வைப்பேன் என்றார். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, இதை வெளியே சொல்லாதே என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் அடித்த மழை உங்களுக்குத் தெரியும். எங்கள் ஒன்றரை ஏக்கர், மச்சானின் இரண்டு ஏக்கர், எல்லாம் அறுத்து ரோட்டில் கிடக்கிறது. ஈரம் 17 சதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதலில் எடுப்பார்கள். 22 வரை எடுக்கச் சொல்லி மாநில அரசு டெல்லியிடம் கேட்டிருக்கிறது. இன்றைக்கு எங்கள் குவியலில் மீட்டர் வைத்தால் 23. பகலில் ஒரு மணி நேரம் வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்கிக் கிளறுகிறோம், மேகம் கறுத்தால் மூடுகிறோம். அப்பா குவியல் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கிறார். நேற்று அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். சூடாக இருந்தது. வெள்ளையாக முளை விட்டிருந்தது, கால் அங்குலம் இருக்கும். ஒன்றும் பேசாமல் என் கையில் கொட்டினார்.

---

#27 ஆலைக்காரர்
25 அக்டோபர், காலை 6.00

தம்பி, முளைத்ததைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், கலந்தால் முழு லாட்டும் போய்விடும். வெயில் வந்ததும் அவசரப்பட்டு மெல்லிசாகப் பரப்பிக் காயப்போடாதீர்கள். நனைந்து சட்டென்று காய்ந்த நெல்லில் உள்ளுக்குள் கீறல் விழும், ஆலையில் போட்டால் பாதி நொய்யாகும். ஒன்றரை அங்குலக் கனத்தில் பரப்பி அரை மணிக்கு ஒரு தடவை காலால் கோடு இழுங்கள். ஒவ்வொரு வருஷமும் இப்படி ரோட்டில் முளைத்துப் போகிற நெல்லைப் பார்க்கிறபோது, விளைவிக்கிறதைப் பற்றியே இத்தனை பேசுகிறோமே என்று எரிச்சல் வரும்.

---

#28 மண்புழு
25 அக்டோபர், காலை 6.40

நடமாடும் நெல் உலர்த்தி ஒன்று திருவாரூர் பக்கம் வாடகைக்கு இருக்கிறது. டிராக்டரில் இழுத்துவரும் வகை. உரிமையாளரின் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். டீசல் நம் செலவு. நானும் அவரிடம் பேசிவிடுகிறேன். ரோடு எவ்வளவு அகலம், உள்ளே வண்டி வருமா?

---

#29 வெட்டாற்றங்கரை
25 அக்டோபர், காலை 7.05

மதகு வரைக்கும் வரும் அக்கா. அங்கிருந்து நாங்கள் தலையில் சுமந்து வருகிறோம். இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், கிழக்கே மறுபடி கறுக்கிறது.